நான்காம் பக்கம்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால், நன்றி. இரண்டு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதுவும் நல்லதுதான். நாம் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் யாராவது ஒருவர் போனை வைத்துவிடுவோம்.

நலமா என்று கேட்டால் 'நாலு வருஷம் கழிச்சு இப்பதான் ஞாபகம் வந்துதா' என்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டம்பரோடு எனக்கு ஓய்வு. முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக ஊரையெல்லாம் மேலே அனுப்பிவிட்டுக் கீழே நின்று கிரீஸ் துடைத்தாயிற்று. அக்டோபரில் நான் மேலே போகிறேன். இமயமலையில், ஆறாயிரத்து நூறு மீட்டர். நானும் அத்தானும் ஒன்பது வருடத்துக்கு முன் போவதாக இருந்த அதே சிகரம், அதே நிறுவனம். பெரிய சிகரங்களைப் போல முதுகில் ஆக்சிஜன் சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிற மலை அல்ல. நடக்க முடிந்தவன், கயிற்றைப் பிடிக்கத் தெரிந்தவன், வழிகாட்டியோடு ஏறிவிடலாம். ஆனாலும் ஆள் சாகாத மலை என்று ஒன்று கிடையாது என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

எனக்கு உன்னிடமிருந்து இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, இதோடு வைத்திருக்கும் விண்ணப்பப் பாரத்தின் நான்காம் பக்கத்தில் உன் கையெழுத்து. எனக்கு ஏதாவது ஆனால் அவர்கள் முதலில் கூப்பிட வேண்டிய ஆள் யார் என்பதும், என் உடல்நிலை பற்றி நான் எழுதியிருப்பது உண்மை என்பதற்குச் சாட்சியும் அந்தப் பக்கத்தில்தான். ரத்த சொந்தம் என்று எனக்கு நீ ஒருத்திதான் என்பது உனக்கே தெரியும். ஆகஸ்ட் 31க்குள் போய்ச் சேராவிட்டால் என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது, அத்தானின் நோட்டு. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஏறுவது, எங்கே தூங்குவது என்று வரைந்து வைத்திருந்தாரே, அது.

உன் தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. எனக்கு வந்த கடிதம் எதையும் படிக்காமல் நான் கிழித்ததில்லை.

நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், நலமாக இருக்கிறேன். நான்கு வருடம் என்று எழுதியிருக்கிறாய். நான்கு வருடம் இரண்டு மாதம்.

மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். ஒரு கட்டம் காலியாக இருந்தால் பெரிய டாக்டரின் தாளைக்கூடத் திருப்பி அனுப்பியவள். நீ விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன் என்று நினைத்தாயா? அந்த வழிகாட்டி யார், இதே சிகரத்துக்கு எத்தனை முறை போயிருக்கிறார், எத்தனை பேருக்கு அவர் ஒருவர்? பாதி வழியில் உனக்கு முடியாமல் போனால் கூட இறங்கி வருவது யார், அப்போது மற்றவர்கள் யாரை நம்பி மேலே போவார்கள்? உச்சிக்குப் போகும் நாளில் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கட்டுப்பாடு உண்டா, இல்லை அதுவும் உங்கள் உற்சாகத்தைப் பொறுத்ததா? அறுபது வயதில் என்ன பயிற்சி செய்கிறாய்? 'நடக்கிறேன்' என்று ஒரு வார்த்தையில் எழுதாதே. எவ்வளவு, எங்கே, எவ்வளவு சுமையோடு என்று எழுது.

நோட்டைத் தருவதாக இல்லை.

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

கேள்வித்தாள் கிடைத்தது. நீ ஓய்வு பெற்றாலும் பதிவேட்டுப் பிரிவு ஓயவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

வழிகாட்டிக்கு ஐம்பது வயது. அந்தச் சிகரத்துக்குப் பதினான்கு முறை போனவர். எங்கள் மூன்று பேருக்கு அவரும் ஓர் உதவி வழிகாட்டியும். ஒருவருக்கு முடியவில்லை என்றால் உதவியாளர் அவரைக் கூட்டிக்கொண்டு இறங்குவார். இரண்டாவது ஆளுக்கும் முடியவில்லை என்றால் எல்லோரும் இறங்க வேண்டியதுதான். போன வாரம் வீடியோவில் பேசினார். மனிதர் சிரிக்கவேயில்லை. "காலையில பதினோரு மணி. உச்சிக்குப் பத்தடி பாக்கின்னாலும் திரும்பறோம். அங்க வந்து என்கிட்ட சண்டை போடறதா இருந்தா, இப்பவே போட்டு முடிச்சிடுங்க" என்றார். எங்களோடு வரும் பல் டாக்டர், "அஞ்சு நிமிஷம்கூடத் தரமாட்டீங்களா?" என்று கேட்டார். "அஞ்சு நிமிஷம் கேட்டவங்க ரெண்டு பேரைத் தூக்கிட்டு வந்திருக்கேன்." அதற்குப் பிறகு பல் டாக்டர் பல்லைக் காட்டவில்லை.

மொத்தம் இருபத்தொரு நாள். அக்டோபர் 5 கிளம்பி 25 திரும்புகிறோம். எட்டு நாள் நடந்து அடிவார முகாம். அங்கே பனிச்சரிவில் கயிறு பிடிக்க ஒரு நாள் பயிற்சி. பூட்ஸுக்கு அடியில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டு, வாத்து மாதிரி நடக்கச் சொல்லித் தருவார்கள். பிறகு மேல் முகாமில் ஓர் இரவு, விடியும் முன் உச்சிக்கு. கயிற்றில் மாட்டுகிற ஒரு பிடி இருக்கிறது, மேலே நகரும், கீழே நகராது, பல்லால் கவ்விக்கொள்ளும். லிஃப்டில் கயிறு அறுந்தால் ஒரு பிரேக் பக்கவாட்டுத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்குமே, அதே தத்துவம். வழிகாட்டி அதைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கு எண்ணெய் போட்டே என் ஆயுள் போயிற்று.

பயிற்சி, நான் வேலை பார்க்கும் பதினாறு மாடிக் கட்டடத்தில். முதுகில் பன்னிரண்டு கிலோ கருவிகளோடு தினம் ஆறு முறை படியேறுகிறேன். இதில் ஒரு கூத்து. மூன்றாவது மாடிக்காரர் பார்த்துவிட்டு, "லிஃப்ட் ரிப்பேர் பண்றவரே படியில போறாரு. நமக்கென்ன பைத்தியமா அதுல ஏற?" என்று கிளப்பிவிட, இரண்டு வாரம் கட்டடமே படியேறியது. மேனேஜர் கூப்பிட்டு, "யோவ், உன் தேகப்பயிற்சியை வேற எங்கயாவது வெச்சுக்கய்யா" என்று கத்தினார். கீழ்த்தளத்துக் காவலாளி மட்டும் என் கட்சி. இருபது வருடப் பழக்கம். நான் ஏறுவதைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைக்கிறார். "இன்னைக்கு அஞ்சுதான் சார். ஆறாவது கோட்டை நான் போட்டுக்கட்டுமா, நீங்க போடறீங்களா?" என்று கேட்டு ஆளை மறுபடி ஏற்றிவிடுவார்.

எல்லாம் சொல்லிவிட்டேன். நோட்டு ஏன் தர மாட்டாய் என்றுதான் புரியவில்லை. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது கால் வாரிவிட்டவரின் நோட்டை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்?

உன் தம்பி


ஆகஸ்ட் 1

தம்பிக்கு,

பதில்கள் திருப்தி. அந்த வழிகாட்டியைப் பற்றி இனி எனக்குக் கேள்வி இல்லை. சிரிக்காதவர் என்பது அவருடைய தகுதிகளில் ஒன்று.

உன்னைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. நான்காம் பக்கத்தில் ஏழாவது. 'கடந்த ஐந்து ஆண்டுகளில் எப்போதாவது நினைவிழந்து விழுந்ததுண்டா?' 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறாய்.

நான்கு வருடம் மூன்று மாதத்துக்கு முன், உன் அத்தானை எடுத்துப் போன காலையில், நீ எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் டயர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாய். சாலையைக் கடந்து உள்ளே வரவில்லை. ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அங்கேயே விழுந்தாய். கடைக்காரர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். நான் மாடி ஜன்னலில் இருந்தேன். நான் ஏன் இறங்கி வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்பது தவறு. பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நீயே உன் கையால் திருத்தி அனுப்பு. திருத்தாவிட்டால் கையெழுத்து இல்லை.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் பற்றி இதில் எழுதவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

ஜன்னலில் இருந்தாயா. அன்றைக்கு என்னை யாரும் பார்க்கவில்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்க்க உனக்கு நேரம் இருந்திருக்கிறது, இறங்கி வரத்தான் இல்லை. சரி, நான் மட்டும் என்ன, சாலையைக் கடந்தேனா.

அது நோய் இல்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் பஸ்ஸில் வந்து வெயிலில் நின்றவன் விழத்தான் செய்வான். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கும் கட்டம் எதுவும் அந்தப் பாரத்தில் இல்லை.

கேட்கிறாயோ இல்லையோ, சொல்கிறேன். அந்த வருடம் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற ஏற்பாடு. ஒருவர் விலகினால் மற்றவருக்கும் இடமில்லை. அத்தான் போனில், "எனக்குப் பயமா இருக்குடா. என்னால முடியாது" என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் இருவரும் அந்த நோட்டின் மேல் கவிழ்ந்து கிடந்திருப்போம். எனக்கு ரத்தம் கொதித்தது. 'உங்களைப் போன்ற கோழையோடு ஒரே கயிற்றில் கட்டிக்கொள்ளாமல் தப்பித்தேன்' என்று எழுதிப் போட்டேன். அவர் பதில் எழுதவில்லை. 'போடா முட்டாள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த வாரமே வந்து நின்றிருப்பேன். எழுதவேயில்லை. நானும் வீம்பில் ஐந்து வருடம் கடத்தினேன். கடைசியில் வந்து நின்றது டயர் கடை வாசலில்.

இந்த வயதில் எதற்கு மலை என்று நீ கேட்கவில்லை. பல் டாக்டர் கேட்டார், ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். ஒருவர் பயந்தார் என்பதற்காக அவரை விட்டவன் நான். அந்த இடத்தில் போய் நின்று அதே பயத்தை நானும் ஒரு தடவை பட்டுப் பார்க்க வேண்டும். பட்டால், அவர் செய்ததை மன்னிக்கலாம். என்னை மன்னிக்க முடியுமா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

ஏழாவது கேள்வியைத் திருத்த மாட்டேன். பக்கத்தை அப்படியே திரும்ப அனுப்புகிறேன். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. கையெழுத்தைப் போடு, இல்லை போட மாட்டேன் என்று எழுது.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது என் வழக்கம். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

உன் அத்தான் பயப்படவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் அவரும் இப்படி ஒரு நான்காம் பக்கத்தைச் செய்தித்தாளின் மேல் வைத்து என்னிடம் நீட்டினார். ரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்கிறீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறியிட்டிருந்தார். ஏழு வருடமாகத் தினமும் காலையில் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தவள் நான். "என்னங்க இது?" என்றேன். "அட, சுண்டைக்காய் அளவு மாத்திரை. அதையெல்லாம் யாராவது எழுதுவாங்களா? போடு கையெழுத்தை" என்று சிரித்தார். போட்டேன். தபாலில் நானே சேர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். சேர்ப்பதற்கு முன், தனியாக ஒரு தாளில் மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, கடைசி மூன்று பரிசோதனைகளின் எண்கள் எல்லாவற்றையும் எழுதி, கீழே என் பெயரும் பதவியும் எழுதி, பாரத்தோடு பின் செய்து அனுப்பினேன்.

உண்மையைத்தான் எழுதினேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். எழுதியது உண்மைதான். ஆனால் உண்மைக்காக எழுதவில்லை, அவர் போகக் கூடாது என்பதற்காக எழுதினேன். 'போகாதீங்க' என்று வாய் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. கெஞ்சுவது நம் வீட்டில் யாருக்குமே வராது. எனக்கு அறவே வராது.

மறுத்துப் பதில் வந்தது, அவர் பெயருக்கு. என் தாளின் நகலையும் வைத்து அனுப்பியிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். "உன் கையெழுத்து எப்பவுமே அழகு" என்றார். பிறகு என் எதிரிலேயே உனக்குப் போன் செய்து, பயமாக இருக்கிறது என்றார். வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னோடு எப்போதும்போலத்தான் இருந்தார், நடைக்குப் போனோம், குறுக்கெழுத்துப் போட்டோம். ஆனால் அன்றிலிருந்து எந்தத் தாளையும் அவர் என் முன் நீட்டியதில்லை. கடைசியில் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதக் கடிதம் வந்தபோது நர்ஸ் அதை என்னிடம்தான் கொடுத்தாள். "அவங்க வேண்டாம்மா, நானே போடறேன்" என்று கையை நீட்டினார். படுத்தபடியே போட்டார். எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இப்படிக் கட்டம் தாண்டிய கையெழுத்துகளைப் பதிவேட்டில் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அவரைக் கோழை என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று, "அவன்கிட்ட நடந்ததைச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "சொன்னா உன்கிட்டயும் பேச மாட்டான். ஒருத்தர்கிட்ட பேசாம இருக்கானே, அது போதும்" என்றார். உன் கோபம் ஒரு வருடம் தாங்காது என்று நம்பினார். அதில் அவர் கணக்கு தப்பிவிட்டது.

அவர் போன பிறகாவது நான் சொல்லியிருக்கலாம். ஜன்னலிலிருந்து இறங்கி வந்தால் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்துதான் நான் இறங்கி வரவில்லை. உன் மதிப்பில் அவர் தாழ்ந்து கிடக்கட்டும், நான் தாழ வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

ஒன்றைக் கவனித்தேன். நான்காம் பக்கத்தின் தலைப்பில் 'உறவினர் அல்லது பத்து ஆண்டுகள் அறிந்தவர்' என்று இருக்கிறது. காவலாளியே போட்டிருக்கலாம். நீ ஏன் எனக்கு அனுப்பினாய் என்பது முதல் நாளே எனக்குப் புரிந்தது. புரிந்தும் கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏழாவது கேள்வி நீ குறியிட்டபடியே இருக்கிறது. தவறென்று தெரிந்த ஒன்றின் கீழ் நான் தெரிந்தே ஒப்பமிடுவது இது இரண்டாவது முறை. இம்முறை எந்தத் தாளும் பின் செய்யவில்லை. நோட்டும் இதோடு வருகிறது. உன் பழைய கடிதம் அதற்குள் இருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

உன் கடிதத்தை ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவே படியில் உட்கார்ந்து படித்தேன். யாரோ ஓர் அம்மா, "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று தண்ணீர் கொண்டுவரும் வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மலையேற்ற நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் இருக்கிறாள், பாரங்களைப் பார்ப்பவள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வரலாமா என்று பொதுவாகக் கேட்டேன். "தாராளமா வரலாம் சார். கட்டுப்பாட்டுல இருக்குன்னு டாக்டர் லெட்டர் வேணும், அவ்வளவுதான். போன தடவை போனவங்கள்ல மூணு பேர் அந்த மாத்திரைதான்." எப்போதிலிருந்து இப்படி என்றேன். எப்போதுமே இப்படித்தானாம். "அப்ப யாரைத்தான் சேர்க்க மாட்டீங்க?" என்றேன். "மறைச்சவங்களை சார். மேல போய்த் தலை வெடிக்கிற மாதிரி வலிச்சாலும் ஒண்ணுமில்லைன்னுவாங்க. அவங்களை நம்பி எப்படிக் கயிறு கட்டறது?"

புரிகிறதா? அவரை அவர்கள் ஒதுக்கியது ரத்த அழுத்தத்துக்காக இல்லை. பொய் சொன்னதற்காக. அது பொய் என்று காட்டிக் கொடுத்தது உன் தாள். 'நீயே உன் கையால் திருத்து, இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை' என்று எனக்கு எழுதினாயே, அதே இரண்டு வரியை அவரிடம் சொல்லியிருந்தால் போதும். முணுமுணுத்திருப்பார், திருத்தியிருப்பார். ஒரு டாக்டர் கடிதத்தோடு முடிந்திருக்கும். போயிருந்தால் அவர் உயிரோடு திரும்பியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. போகாமலும் அவர் இருக்கவில்லை.

என் பழைய கடிதம் நோட்டில் இருந்தது. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாயா? பென்சிலால் பதினேழாம் நாள் இறக்கத்தை வரைந்து பார்த்திருக்கிறார். மூலையில் தேதி. நான் அவரைக் கோழை என்று எழுதி ஒரு வருடத்துக்குப் பிந்திய தேதி. யாரோடு போவதற்காக வரைந்தார் அக்கா?

ஏழாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினேன். டாக்டர் என்னை டிரெட்மில்லில் ஏற்றி ஓடவிட்டு வியர்க்க வைத்து, போகலாம் என்று கடிதம் கொடுத்தார். அரை மணி நேர வேலை. நீ கையெழுத்துப் போட்ட பக்கத்தை அனுப்பவில்லை. புதுப் பக்கம் வாங்கினேன். காவலாளி போட்டார். "நீங்க விழுந்து நான் பார்த்ததில்லை சார். ஆனா விழுந்தேன்னு நீங்களே சொல்றப்ப எனக்கென்ன" என்றார். எனக்கு ஏதாவது ஆனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உன் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பழிவாங்குவதாக நினைக்காதே. உன் முன்னால் ஒரு தாளை நீட்ட என்னாலும் முடியவில்லை.

பயத்தைப் பார்க்கத்தான் கிளம்பினேன். இப்போது அங்கே பார்க்க எதுவும் இல்லை. ஆனாலும் போகிறேன். நோட்டு கையில் இருக்கிறது.

தம்பி


செப்டம்பர் 10

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ எழுதியதில் மறுக்க ஒன்றுமில்லை. பின்பக்கத்தை நான் பார்த்ததில்லை. பிறருக்கு வந்த கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று அதைத் தொடாமலே வைத்திருந்தேன்.

இது வேறு விஷயம். உன் பாரத்தின் இரண்டாம் பக்கத்தில் அவர்கள் பயண நாட்களை அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன். நான்காம் நாள் மூவாயிரத்து நானூறு மீட்டரில் தூங்குகிறீர்கள், ஐந்தாம் நாள் நாலாயிரத்து இருநூறில். அவர் நோட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் ஓய்வு நாள் உண்டு. பகலில் கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே இறங்கி வந்து தூங்கும் நாள். அந்த நாளைச் சேர்க்கும்படி வழிகாட்டியிடம் கேள். கேட்பதில் வெட்கம் இல்லை. தலைவலி வந்தால் சொல். முதலில் வரும் சின்ன வலியையே சொல்.

எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. சேர்த்தால் போதும்.

அக்கா


நவம்பர் 9

தம்பிக்கு,

அக்டோபர் 25 அன்று நீ இறங்கி வந்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. அக்டோபர் 21 அன்று செய்தித்தாளில் ஆறு வரி வந்தது. மலைப் பகுதியில் பருவம் தவறிய பனி, சில குழுக்களோடு தொடர்பு இல்லை என்று. எந்தக் குழு, எத்தனை பேர், ஒன்றும் இல்லை. களைப்புக்கு மூன்று நாள் கொடுத்தேன். பனியில் தாமதம் என்று ஒரு வாரம் கொடுத்தேன். ஓய்வு நாளைச் சேர்த்திருப்பாய் என்று இன்னும் ஒரு நாள். அதற்கு மேல் எதைச் சொல்லி நாளைக் கூட்டுவது என்று தெரியவில்லை. உன் போன் அணைந்தே இருக்கிறது.

நேற்று முன்தினம் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நீ எழுதியிருந்த பெண்தான் பேசினாள் என்று நினைக்கிறேன்.

"நீங்க அவருக்கு யாரும்மா?"

"அக்கா."

பெயர் கேட்டாள், சொன்னேன். தாள் புரளும் சத்தம் கேட்டது.

"உங்க பேர் இதுல இல்லையேம்மா. வேற ஒருத்தர் பேர் கொடுத்திருக்காரு. அவருக்குத்தான் நாங்க எதுவும் சொல்ல முடியும்."

"விவரம் எதுவும் வேண்டாம். நல்லா இருக்கானா, இல்லையா. ஒரே ஒரு வார்த்தை."

"அந்த ஒரு வார்த்தைதானேம்மா விவரமே."

"நான் கூடப் பிறந்தவ."

"புரியுதும்மா. ஆனா பாரத்துல இல்லை."

"தயவு பண்ணி சொல்லும்மா" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் சிறிது நேரம் பேசவில்லை. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். அந்தச் சிறிது நேரத்துக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் செய்தது சரி. அவளிடத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து அதே வாக்கியத்தை அதே தொனியில் நான் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி, மகன் பெயரைச் சொல்லிக்கொண்டு மாலைவரை ஜன்னலுக்கு வெளியே நின்றாள். மருமகள் பெயர்தான் தாளில் இருந்தது. ஐந்து மணிக்கு நான் ஜன்னலைச் சாத்திவிட்டு பஸ் பிடிக்கப் போனேன். வழியில் காய்கறி வாங்கினேன் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

நானே புறப்பட்டு வந்து உன் காவலாளியைக் கேட்கலாம். என் முழங்கால் வலி ஒரு காரணம் இல்லை. உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவர் யார் என்று நீ யோசித்து எழுதிக் கொடுத்திருக்கிறாய். அவரிடம் போய் அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஒரு முறை ஒருவருடைய பாரத்தில் நான் கை வைத்தது போதும்.

அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உரியவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கிறேன். நீ எழுத வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். வாங்க மாட்டேன் என்று தபால்காரரிடம் சொன்னால், உறையின் மேல் 'மறுத்தார்' என்று எழுதி எனக்குத் திருப்பி அனுப்புவார்கள். மறுப்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

அக்கா